பாட்டுக்காரிக்குத் தண்ணீர் ஆகாது

வானொலியில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஓர் இடம் உண்டு. அங்கே யாரும் பேசுவதில்லை, யாரும் பாடுவதில்லை. முள் அந்த இடத்துக்கு வந்ததும் ஓர் இரைச்சல் கிளம்பும். ஓயாமல், மூச்சு வாங்காமல், எதையோ கொட்டிக்கொண்டே இருக்கிற இரைச்சல். எங்கள் வீட்டில் இன்னும் ஒரு பழைய பெட்டி இருக்கிறது. அதைத் தூக்கிப் போடு என்று மகன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். நான் செய்தி கேட்பதற்காகத் திருகுகிறேன் என்றுதான் வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும். நான் திருகுவது இந்த இரைச்சலுக்காக. கண்ணை மூடினால் அது குற்றாலத்துப் பேரருவி, பெண்கள் குளிக்கிற பக்கம். முதுகில் பாறை, உச்சந்தலையில் மலை. காதோரம் ஒரு குரல் கத்துகிறது: "இன்னும் சத்தமா பாடுட்டி, கேக்கல!"

அந்தக் குரல் என் அம்மாவுடையது. வீட்டில் அம்மா குரலை உயர்த்தி நாங்கள் கேட்டதே கிடையாது. அடுக்களையில் இருந்து கூப்பிட்டால் கூடத்துக்கு எட்டாது. நாங்களே எழுந்து போய், கூப்பிட்டியாம்மா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்டவள் அருவியைத் தாண்டிக் கத்தினாள், ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நெல்லைக்கு வானொலி நிலையம் வந்த புதிது. தென்காசியில் எங்கள் தெருவில் யார் வீட்டிலும் ரேடியோப் பெட்டி கிடையாது. மளிகைக்கடை அண்ணாச்சி கடையில் ஒன்று, மிளகாய் மூட்டைக்கு மேலே, சாமிப் படத்துக்குக் கீழே, இரண்டுக்கும் நடுவான மரியாதையோடு உட்கார்ந்திருக்கும். சாயங்காலமானால் தெருவே அங்கே நின்று தும்மிக்கொண்டு பாட்டுக் கேட்கும். அந்தப் பெட்டிதான் ஒருநாள் சொன்னது: சிறுவர் சிறுமியருக்குப் பாட்டுப் போட்டி நடத்தப்போகிறோம், அதற்கு முதலில் குரல் தேர்வு, விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று. அது சொன்னதோடு போயிருக்கும். ஆனால் அப்போது பெரியம்மா சீசனுக்கு வந்திருந்தாள்.

சீசன் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் குற்றாலம். தென்காசிக்காரர்களுக்குச் சொந்தக்காரர்கள். ஆனியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக முதல் காற்று புகுந்து, வெயிலடிக்கும்போதே சாரல் பொசுபொசுவென்று விழ ஆரம்பித்ததும், வருஷம் முழுவதும் நம்மை மறந்திருந்த உறவெல்லாம் ஞாபகம் வந்து, மூட்டை முடிச்சோடு வந்து இறங்கும். வாசுதேவநல்லூரிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்தது, வாண்டுகளும் வாயுமாக. புளியங்குடியிலிருந்து அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன் தன்னோடு ஒரு சாக்கு எலுமிச்சம்பழத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். பாளையங்கோட்டையிலிருந்து பெரியம்மா. பெரியப்பாவுக்கு அங்கே சர்க்கார் உத்தியோகம். சொந்த வீடு, வீட்டில் மின்விசிறி, மின்விசிறிக்குக் கீழே ரேடியோ. பிள்ளைகள் மட்டும் இல்லை.

பெரியம்மாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மா கைக்குழந்தையாக இருக்கும்போதே அவர்களுடைய தாய் போய்விட்டாள். அம்மாவுக்குத் தலை பின்னிவிட்டதும், பள்ளிக்கூடம் அனுப்பியதும், காய்ச்சலில் பக்கத்தில் படுத்துக்கொண்டதும், பிறகு அப்பாவைப் பார்த்து முடித்துவைத்ததும் எல்லாம் பெரியம்மா. அதனால் அக்கா என்ன சொன்னாலும் அம்மாவிடம் ஒரே பதில்தான், "சரிக்கா." 'மாட்டேன்' என்கிற சொல் மற்ற யாரிடமும் வரும், பாத்திரக்காரனிடம் வரும், அப்பாவிடம்கூட எப்போதாவது வரும். அக்காவிடம் மட்டும் வராது.

சாரல் நாட்களில் துணி காயாது. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டி, வீடே ஈரச் சேலைகளுக்குள் ஒளிந்திருக்கும். அந்தச் சேலைகளுக்கு நடுவே புகுந்து புகுந்து நான் பாடிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்பது வயது. பாடுகிறோம் என்று தெரிந்தே பாடுகிற வயசில்லை அது. கொலுசு மாதிரி, நடந்தால் சத்தம் வரும், அவ்வளவுதான். திடீரென்று ஒரு சேலை விலகியது. பெரியம்மாவின் முகம். அந்த முகத்தில் இருந்ததை எனக்கு இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கடையில் வெகுநாள் தேடிய நிறத்தில் ஒரு புடவையைப் பார்த்துவிட்டவள் மாதிரி இருந்தாள்.

"ஏட்டி, இன்னொருக்க பாடு."

பாடினேன். அன்று இரவுச் சாப்பாட்டில் எல்லாம் முடிவாகிவிட்டது.

"இவள ரேடியோ டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்றாள் பெரியம்மா. "தேறிட்டான்னா எங்கூடவே இருக்கட்டும். பாளையங்கோட்டைல இல்லாத பள்ளிக்கூடமா? பாட்டு வாத்தியார் எங்க தெருவுலயே இருக்காரு. போட்டியில ஜெயிச்சா வாராவாரம் கூப்பிடுவாங்க. இங்கனயிருந்து யாரு வாராவாரம் கூட்டிட்டு அலையது? நாலுல ஒண்ணு நம்ம வீட்ல வளரட்டுமே."

அப்பா சோற்றைப் பிசைந்தபடியே, "நல்ல காரியந்தான் மதினி," என்றார். நாலு பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் பெயர் மாற்றாமல் கூப்பிடத் தெரியாதவர் அப்பா. ஒன்று குறைந்தால் அவருக்குக் கூப்பிடுவது சுலபம்.

அம்மா அவர் இலையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். போதும் போதும் என்று அப்பா கையை நீட்டிய பிறகும் ஊற்றிக்கொண்டிருந்தாள். ரசம் இலையைத் தாண்டித் தரைக்கு ஓடியபோதுதான் கரண்டியை எடுத்தாள்.

"சரிக்கா," என்றாள்.

எனக்குச் சந்தோஷம்தான். மின்விசிறிக்குக் கீழே நான் உட்கார்ந்திருக்க, மளிகைக்கடை அண்ணாச்சியின் மிளகாய் மூட்டைக்கு மேலிருந்து என் குரல் வர, தெருவே தும்மிக்கொண்டு கேட்பதை நினைத்துப் பார்த்தேன். அங்கே யார் எனக்குத் தலை பின்னுவார்கள், யார் பக்கத்தில் படுப்பேன் என்பதெல்லாம் அந்த நினைப்புக்குள் வரவே இல்லை. மறுநாள் காலையில்தான் இந்தச் சந்தோஷத்துக்கு ஒரு விலை உண்டு என்று தெரிந்தது.

எல்லோரும் அருவிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நானும் தலையில் எண்ணெயை அப்பிக்கொண்டு வாசலில் நின்றேன். பெரியம்மா ஒரு துண்டை எடுத்துவந்து, என் தலை எண்ணெயை ஒற்றி எடுத்தாள்.

"டெஸ்ட் முடியுத வரைக்கும் அருவி கிடையாது. பாட்டுக்காரிக்குத் தண்ணி ஆகாது."

அருவி மட்டுமா? அருவி, சாரல், பச்சைத் தண்ணீர், தயிர், மோர், புளியங்குடிப் பெரியப்பாவின் சாக்கு எலுமிச்சை, சந்தையில் குவிந்து கிடக்கும் மங்குஸ்தான், ஐஸ் வண்டிக்காரனின் மணிச் சத்தத்தின் பக்கம் திரும்பிப் பார்ப்பது, எல்லாமே தொண்டைக்கு ஆகாது. ஆவது சித்தரத்தைக் கஷாயம். ஆவது பனங்கற்கண்டும் மிளகும். ஆவது பாளையங்கோட்டைப் பெரியப்பாவின் கம்பளி மப்ளர். ஊரே குளிர்ச்சியைத் தேடி வருகிற ஊரில், ஊரே நனைவதற்காக வருகிற மாதத்தில், நான் ஒருத்தி கழுத்தில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, பெண்டுலம் கழன்ற கடிகாரம் மாதிரி வாசலில் நின்றேன்.

காலையில் குதிரை வண்டி பிடித்துக்கொண்டு போவார்கள். அடைத்துக்கொண்டு, பாட்டும் கூத்துமாக, எண்ணெய் மினுங்கும் முகங்களோடு. பதினோரு மணிக்குத் திரும்புவார்கள். கண் சிவந்து, உதடு நீலம் பாய்ந்து, பசியில் பேய் பிடித்த மாதிரி இட்லி மேல் விழுவார்கள். அவர்கள் தலைமுடியில் ஒரு வாசனை இருக்கும். எண்ணெயும் பாசியும் பாறையும் கலந்த வாசனை. நான் பக்கத்தில் போய் மோந்து பார்ப்பேன்.

"ஏட்டி ரேடியோ, தள்ளி நில்லு," என்பான் சித்தப்பா மகன். "எந்தலையில இருந்து சொட்டுது. ஒந்தொண்டையில விழுந்துச்சுன்னா பெரியம்ம என்னத் தொலிய உரிச்சிருவா."

"அவ பாட வேண்டாம்லே, கரகரன்னு இரைஞ்சாலே போதும், அசல் ரேடியோதான்," என்பாள் அவன் அக்கா.

"மூதி," என்பேன் நான். அதையும் மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். சத்தம் போட்டால் தொண்டைக்கு ஆகாது.

கடைத்தெருவில் அப்பா வைத்திருந்த சின்னக் கடைக்கு வருகிறவர்கள்கூட, பிள்ளை எப்படி இருக்கா என்று கேட்பதை விட்டுவிட்டு, தொண்டை எப்படி இருக்கு என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் தொண்டையைச் சுமந்துகொண்டு நடக்கிறவள் ஆகிவிட்டேன். ஒருநாள் ஓட்டுக்கூரை இறவாரத்தில் சொட்டிக்கொண்டிருந்த சாரலுக்கு நாக்கை நீட்டினேன். ஒரே ஒரு சொட்டு, இன்னும் அந்த ருசி இருக்கிறது, ஓடும், தூசியும், வானமும். பெரியம்மா பார்த்துவிட்டாள். அடிக்கவில்லை. என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, என் தொண்டையை இரண்டு விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"கொஞ்ச நாளுட்டி. பொறுத்துக்கோ. அப்புறம் பாரு, எல்லாரும் ஒன்ன வாயப் பொளந்து பாப்பாங்க."

நல்ல மடி அது. மெத்தென்று இருக்கும். இதைச் சொல்லாமல் போனால் பெரியம்மாவுக்கு அநியாயம் செய்தவளாவேன்.

தேர்வுக்கு முதல் நாள். வீரகேரளம்புதூரில் பாளையங்கோட்டைப் பெரியப்பாவின் தங்கை புது வீட்டுக்குப் பால் காய்ச்சினாள். பெரியம்மாவுக்குப் போக மனமில்லை. நாளைக்கு டெஸ்ட்டை வைத்துக்கொண்டு எப்படி என்று இழுத்தாள்.

"நீ போய்ட்டு வாக்கா," என்றாள் அம்மா. "போகலன்னா குத்தம் சொல்லுவாங்க. பிள்ளய நான் பாத்துக்கிடுதேன்."

பெரியம்மா முதல் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கடைசி உத்தரவைப் போட்டாள். இன்று மத்தியானத்திலிருந்து நாளைக்கு மைக் முன்னால் நிற்கும்வரை இவள் வாயே திறக்கக் கூடாது. குரலைச் சேர்த்து வைக்க வேண்டும். மௌன விரதம். "சரிக்கா," என்றாள் அம்மா. பஸ் புழுதி கிளப்பவில்லை, ஈரத்தில் சேற்றைத்தான் கிளப்பியது. அம்மா அது வளைவில் மறையும்வரை நின்றாள். பிறகு, நான் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன், என் கழுத்திலிருந்து மப்ளரைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள்.

"அருவிக்கு வாரியாட்டி?"

விளையாட்டுக்குக் கேட்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் விளையாடுகிறவள் இல்லை.

தம்பி தங்கைகளைச் சித்தியிடம் விட்டுவிட்டு, நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். அம்மாவோடு நான் மட்டும் எங்கேயாவது போனது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் எனக்கு ஜன்னல் பக்கம். சாரல் முகத்தில் அடித்தது, அம்மா ஜன்னலை மூடச் சொல்லவில்லை. மலை மேல் மேகம் உட்கார்ந்திருந்தது. அருவிச் சத்தம் முதலில் காதுக்கு வரவில்லை, பஸ்ஸின் இரும்புக் கம்பி வழியாகக் கைக்கு வந்தது.

கல்லில் உட்காரவைத்து, உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை எண்ணெய் தேய்த்துவிட்டாள். அவ்வளவு அழுத்தமாக அம்மா தேய்த்ததில்லை. எலும்பு எலும்பாக எண்ணிப் பார்க்கிறவள் மாதிரி. பிறகு கையைப் பிடித்துக்கொண்டு போய்த் தண்ணீருக்கு அடியில் நிறுத்தினாள்.

அதை எப்படிச் சொல்ல? ஒரு மாதத் தாகம் உடம்பு முழுக்க இருந்தது. தண்ணீர் விழவில்லை, அடித்தது. முதுகில் ஆயிரம் கை. மூச்சு நின்று, வந்து, மறுபடி நின்றது. நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது, எதுவானாலும் அந்தச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அப்போதுதான் அம்மா என் காதருகே வாயை வைத்துக் கத்தினாள்.

"பாடு!"

"என்னம்மா?"

"பாடுட்டி! அருவில நின்னு பாடுனா தொண்ட கணீர்னு ஆயிரும்! நாளைக்குப் பாட வேண்டிய பாட்டப் பாடு!"

பெரியம்மா சொல்லிக்கொடுத்த முருகன் பாட்டை ஆரம்பித்தேன். அம்மா நாலடி தள்ளிப் போய்ப் பாறையில் உட்கார்ந்து, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டாள்.

"கேக்கல!"

இன்னும் சத்தமாகப் பாடினேன்.

"கேக்கலட்டி!"

நரம்பு புடைக்கப் பாடினேன். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஓர் ஆச்சி, "என்ன பிள்ள, மலையக் கீழ இறக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டுத் தானும் சேர்ந்து ஊளையிட்டாள். பெண்கள் சிரித்தார்கள். யார் யாரோ கத்தினார்கள். அருவிக்கு அடியில் எல்லாரும் கத்துவார்கள், கத்துவதற்குத்தானே வருவது. மாமியாரைத் திட்டுகிறவள் திட்டிக்கொள்ளலாம், மாமியார் பக்கத்திலேயே நின்றாலும் கேட்காது. பாட்டு முடிந்ததும் திரும்ப ஆரம்பித்தேன். திரும்பத் திரும்ப. ஒவ்வொரு முறையும் அம்மா தலையை ஆட்டினாள், கேட்கவில்லை என்று. நானும் விடவில்லை. அம்மாவுக்குக் கேட்கவைத்தே தீருவது என்று, இந்த அருவியை நிறுத்தியே தீருவது என்று.

கடைசியில் அவளே வந்து என்னை இழுத்துக்கொண்டு போனாள். துவட்டும்போது அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. குளிர் என்று நினைத்தேன். வெளியே வந்து மங்குஸ்தான் வாங்கித்தந்தாள். உரித்து உரித்து அவளே ஊட்டினாள்.

"எரியுதும்மா," என்றேன். குரல் பாதிதான் வந்தது.

அம்மா இன்னொரு சுளையை என் வாயில் வைத்தாள். பிறகு சொன்னாள்: "கணீர்னு ஆகுதுல்லா, அப்படித்தான் இருக்கும். இனிமே பேசாத. பெரியம்ம சொன்னா மாரி நாளைக்கு வரைக்கும் வாயத் திறக்கப்படாது."

வீட்டுக்கு வந்து சாம்பிராணி போட்டுத் தலையைக் காயவைத்து, இறுக்கிப் பின்னி, மப்ளரைப் பழையபடி சுற்றிவிட்டாள். சாயங்காலம் பெரியம்மா வந்து என் தலையை மோந்து பார்த்தாள்.

"தலைக்கு ஊத்துனியாட்டி?"

"வெந்நிதாங்க்கா," என்றாள் அம்மா. "வீட்ல வச்சு."

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அம்மா பொய் சொல்வாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எனக்காகச் சொல்கிறாள், பெரியம்மாவின் ஏச்சிலிருந்து என்னைக் காப்பாற்றுகிறாள். மௌன விரதத்துக்குள் உட்கார்ந்துகொண்டு உள்ளே சிரித்தேன். வெளியே நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன்.

மறுநாள் ரயிலில் கிளம்பினோம். தேறினால் அப்படியே அங்கேயே இருந்துவிடலாம் என்று என் துணிகளையெல்லாம் தகரப்பெட்டியில் அடுக்கியிருந்தது. வாசலில் அம்மா மப்ளருக்குள் கையை விட்டு, காய்ச்சல் பார்க்கிற மாதிரி என் கழுத்தைத் தொட்டாள். எனக்கு விரதம். ரயிலில் பெரியம்மா எனக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டு வந்தாள். எனக்கு வைக்கப்போகிற பால், சேர்க்கப்போகிற வகுப்பு, ரேடியோவில் பெயர் சொல்லும்போது அப்பா பெயரைச் சொல்வார்களா ஊர் பெயரைச் சொல்வார்களா என்பதெல்லாம். நான் தலையாட்டினேன். தொண்டைக்குள் யாரோ துருவலகை வைத்துத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். ஆகிறது, ஆகிறது, கணீர் என்று ஆகிறது.

நிலையத்தில் பட்டுப்பாவாடைப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி உள்ளே போய்ப் பாடுவது வெளிக்கூடத்து ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் கேட்டது. என் முறை வந்ததும் ஒரு கனத்த கதவைத் திறந்து என்னை உள்ளே விட்டார்கள். அப்படி ஓர் அறையை நான் பார்த்ததில்லை. சத்தமே இல்லாத அறை. சுவரெல்லாம் மெத்தை. கதவைச் சாத்தியதும் காதில் பஞ்சை அடைத்த மாதிரி ஆகிவிட்டது. முதல் நாள் காலை முழுக்க அருவியில் இருந்த காதுக்கு அந்த அமைதி பயமாக இருந்தது. ஓர் அம்மா மூலையில் தம்புரா மீட்டினாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கையைக் காட்டினார். நான் வாயைத் திறந்தேன்.

கதவுக் கீல் ஒன்று கிரீச்சிட்டது.

யார் என்று நானே திரும்பிப் பார்த்தேன். மறுபடி முயன்றேன். இந்த முறை கீல்கூட இல்லை, வெறும் காற்று. தம்புரா நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் கதவைத் திறந்துகொண்டு வந்து, எனக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். அன்பான மனிதர்.

"பாப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கே. எப்பயிருந்து?"

மைக் என் முகத்துக்கு நேரே, ஒரு பெரிய அரிசி முறுக்கு மாதிரி இருந்தது. அது கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு மறந்துவிட்டது.

"கட்டலையே," என்று கரகரத்தேன். "நேத்து எங்கம்மா அருவிக்குக் கூட்டிட்டுப் போனா. நின்னு பாடச் சொன்னா. கேக்கல கேக்கலன்னு சொன்னா. தொண்ட கணீர்னு ஆகும்லா, அதுக்கு."

அவர் சிரிக்கவில்லை. தம்புரா அம்மாவைப் பார்த்தார். அவள் தன் தம்புராவைப் பார்த்தாள். அடுத்த வருஷம் வா என்று என் தலையைத் தடவி அனுப்பினார்.

வெளிக்கூடத்தில் அத்தனை தாய்மார்களும் என்னைப் பார்த்தார்கள். பிறகு பெரியம்மாவைப் பார்த்தார்கள். பெரியம்மா ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அது இன்னும் ஏதோ சொல்லப்போகிறது என்பது மாதிரி. நான் அடி விழும் என்று தோளைச் சுருக்கிக்கொண்டு நின்றேன். அவள் மெதுவாக எழுந்தாள். என் மப்ளரை அவிழ்த்து, மடித்து, பைக்குள் வைத்தாள்.

"வா," என்றாள்.

தெரு முனையில் ஒரு சர்பத் கடை. நன்னாரி சர்பத், எலுமிச்சை பிழிந்து, ஐஸ் உடைத்துப் போட்டு. ஆகாதது மூன்றும் ஒரே கிளாஸில். நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"குடிட்டி. இனிமே என்ன?"

குடித்தேன். அந்தக் குளிர்ச்சி தொண்டையின் எரிச்சலில் இறங்கியபோது உடம்பில் எங்கெங்கோ கட்டி வைத்திருந்ததெல்லாம் அவிழ்ந்து விழுந்தது. நாளைக்கு அருவி. நாளை மறுநாள் அருவி. தயிர், மங்குஸ்தான், சாரல், சித்தப்பா மகன் தலையில் சொட்டுகிற தண்ணீர். தோற்றுப்போனதைப் பற்றி ஒரு சொட்டு வருத்தம் இல்லை. தோற்றுப்போவது இவ்வளவு குளுகுளுவென்று இருக்கும் என்று தெரிந்திருந்தால் முதலிலேயே தோற்றிருப்பேனே என்று தோன்றியது.

அன்று பெரியம்மா வீட்டில் தங்கினோம். கூடத்தில் எனக்கென்று ஒரு கட்டில் போட்டிருந்தது. சுவரில் ஒரு கண்ணாடி, பெரியவர்கள் பார்க்க முடியாத அளவுக்குத் தாழ்வாக மாட்டியிருந்தது. எக்காமல் என் முகம் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் நின்று வெகுநேரம் நாக்கை நீட்டி விளையாடிக்கொண்டிருந்தேன்.

"போனாப் போகுது," என்றார் பெரியப்பா. "அடுத்த வருஷம் தேத்திரலாம்."

"வேண்டாம்," என்றாள் பெரியம்மா. "அடுத்த வருஷமும் வேண்டாம்." சொல்லிவிட்டு என் பக்கம் வந்தாள். கண்ணாடியில் என் தலைக்குப் பின்னால் அவளுடைய மடி மட்டும் தெரிந்தது.

மறுநாள் என்னைக் கொண்டுவந்து விட்டாள். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். என்னைப் பார்ப்பதற்கு முன் அவள் கண் தகரப்பெட்டியைத்தான் பார்த்தது. "அம்மா" என்று கூப்பிட்டேன். கீல்தான் கிரீச்சிட்டது. அம்மா அந்தக் குரலைக் கேட்டுவிட்டு அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"தொண்ட கட்டிட்டு," என்றாள் பெரியம்மா, வேறொன்றும் சொல்லாமல்.

அன்று எங்கள் வீடு ஒரு கல்யாண வீடு. நான் எல்லாரோடும் குதிரை வண்டியில் தொங்கிக்கொண்டு போனேன். "ரேடியோ ரிப்பேர் லே!" என்று சித்தப்பா மகன் அருவிக்கே கேட்கக் கத்தினான். நான் அவனைத் தண்ணீருக்குள் தள்ளினேன். அப்பாகூட, நாலு பிள்ளைகளின் பெயரையும் தப்புத் தப்பாகச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா அன்று தயிரைக் கெட்டியாக, ஒரு கிண்ணம் நிறைய, எனக்கு மட்டும் தனியாக எடுத்து வைத்திருந்தாள்.

என் குரல் திரும்பி வர சீசன் முடிந்துவிட்டது. வந்தது பழைய குரல்தான், ஆனால் அதை யாரும் பிறகு எங்கேயும் கூட்டிப் போகவில்லை. அதில் எனக்கு இன்றுவரை குறையில்லை. அம்மா அந்தக் காலையைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. வெகு காலத்துக்கு அது அம்மா எனக்குக் களவாகக் கொடுத்த ஒரு விருந்து என்றுதான் வைத்திருந்தேன். பிறகு எனக்கு மகன் பிறந்தான். சொந்தத்தில் ஒருத்தி அவனை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, "எங்க வீட்டுக்கு வந்திருதியா?" என்று விளையாட்டாகக் கேட்டாள். வாங்கப் போன என் கை நடுங்கியது. குளிரில்லை அன்றைக்கு.

பெரியம்மா பாக்கிச் சீசனுக்கு இருக்கவில்லை. என்னைக் கொண்டுவந்து விட்ட அன்று சாயங்காலமே கிளம்பினாள். அம்மாவும் நானும் ரயிலேற்றப் போனோம். சாரல் விட்டிருந்தது. பெரியம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, என் கன்னத்தைக் கிள்ளி, விரலில் முத்தமிட்டுக்கொண்டாள். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி ஊதியது.

"அடுத்த சீசனுக்கும் வந்திரணும்க்கா," என்றாள் அம்மா, கூடத்துக்குக்கூட எட்டாத குரலில்.

பெரியம்மா அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள். பிறகு அம்மாவைப் பார்த்து அவள் சொன்னதைக் கேட்டு, அருவிக்குத் தன்னைக் கூப்பிடாமல் போய்விட்டோமே என்றுதான் வருத்தப்படுகிறாள் என எண்ணி, அடுத்த தடவை கட்டாயம் கூப்பிடுவோம் என்று நான் பலமாகத் தலையாட்டினேன்.

"வராம எங்க போவேன்? ஆனா ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."